எண்ணும் நிறமும்: பழைய அறிவியல் படக் கோப்புகளை வடிவம் மாற்றுதல்

செயற்கைக்கோள் அளந்த நிலப்பரப்பு வெப்பநிலையைக் கணினித் திரையில் பார்க்கும்போது நமக்குத் தெரிவது சிவப்பும் மஞ்சளும் நீலமும்தான். ஆனால் அந்தக் கோப்புக்குள் நிறம் என்ற ஒன்றே இல்லாமல் இருக்கலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஓர் எண் என்ற கணக்கில் எழுதப்பட்ட அளவீடுகள் மட்டுமே அங்கே இருக்கும். குடும்ப ஒளிப்படத்தை ஒரு கோப்பு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுபவர், மாற்றிய பிறகும் முகங்கள் முன்பு போலவே தெரிந்தால் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். அறிவியல் படத்தை மாற்றுபவர் அப்படிக் கொள்ள முடியாது. படம் கண்ணுக்கு அச்சாக அதேபோல் இருக்க, அதன் எண்கள் முற்றிலும் பொருள் இழந்திருக்கலாம். எண்கள் அனைத்தும் பத்திரமாக இருக்க, நிறங்கள் கலைந்து படம் அடையாளம் தெரியாமல் போயிருக்கவும் கூடும். இந்த இரண்டு வகைப் பிழைகளும் எங்கே பிறக்கின்றன என்பதை, 1980களிலும் 1990களிலும் பரவலாகப் புழங்கிய சில வடிவங்களை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இத்தனை வடிவங்கள் ஏன் தோன்றின என்ற கேள்விக்கு விடை அக்காலத்துக் கணினிகளில் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1986இல் திறக்கப்பட்ட தேசிய மீத்திறன் கணினிப் பயன்பாட்டு மையத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கீடு அங்கிருந்த கிரே மீத்திறன் கணினியில் நடந்தது. முடிவைப் படமாகப் பார்க்க விரும்பிய ஆய்வாளர்களின் மேசைகளிலோ மெக்கின்டாஷ், சன், சிலிக்கான் கிராபிக்ஸ் என வெவ்வேறு கணினிகள் இருந்தன. எண்ணை நினைவகத்தில் எழுதும் முறைகூட இவற்றுள் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினிக்கு ஏற்ற பட வடிவத்தைத் தானே வகுத்துக்கொண்டிருந்தது. எல்லாக் கணினிகளும் படிக்கக்கூடிய ஒரு பொதுக் கோப்பு வேண்டும் என்ற தேவையிலிருந்தே அந்த மையத்தில் எச்டிஎஃப் என்னும் அடுக்குநிலைத் தரவு வடிவம் உருவானது. அதன் நான்காம் தலைமுறையை இன்று எச்டிஎஃப்4 என்கிறோம். 1998இல் வந்த எச்டிஎஃப்5 பெயரில் உறவு கொண்டாடினாலும் உள்ளமைப்பில் வேறானது. ஒன்றைப் படிக்கும் நிரல் மற்றதைப் படிக்காது. புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுவே.

எதுவும் சேர்க்கப்படாத, வெறும் பிக்சல்கள் மட்டுமே கொண்ட ஒரு கோப்பிலிருந்து தொடங்குவோம். அதன் அளவு 2,04,800 பைட்டுகள்; ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். இதன் அகலமும் உயரமும் என்ன? 512க்கு 400 ஆக இருக்கலாம். 640க்கு 320 ஆகவும் இருக்கலாம். இரண்டின் பெருக்குத்தொகையும் அதே 2,04,800தான். தவறான அகலத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து விலகி, படம் சாய்ந்த கோடுகளாகச் சிதறித் தெரியும். இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே கோப்பின் முன்னால் ஒரு தலைப்பகுதி வைக்கப்படுகிறது. பழைய எச்டிஎஃப் கோப்பு 14, 3, 19, 1 என்ற மதிப்புகள் கொண்ட நான்கு பைட்டுகளுடன் தொடங்கும்; அதன்பின், உள்ளே என்னென்ன எங்கெங்கே உள்ளன என்று சொல்லும் 12 பைட் குறிப்புகள் வரும். ஒவ்வொரு குறிப்பிலும் அடையாள எண், மேற்கோள் எண், தொடங்கும் இடம், நீளம் ஆகிய நான்கும் உண்டு. 8 பிட் படத்தைப் பொறுத்தவரை, அடையாள எண் 200 என்றால் படத்தின் பரிமாணம், 201 என்றால் எந்தப் பிக்சல் எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் வண்ண அட்டவணை, 202 என்றால் பிக்சல்கள்.

பரிமாணம் இரண்டு 16 பிட் எண்களாக எழுதப்படும். 512 என்பது 2, 0 என்ற இரு பைட்டுகளாகவும், 400 என்பது 1, 144 என்ற இரு பைட்டுகளாகவும், பெரிய பைட் முன்னால் வரும்படி அமையும். இன்று நம்மிடம் உள்ள பெரும்பாலான கணினிகள் சிறிய பைட்டை முன்னால் வைப்பவை. அவற்றில் எழுதப்பட்ட கவனமற்ற ஒரு நிரல் அதே பைட்டுகளை அப்படியே படித்தால், 512 என்பது 2 ஆகவும் 400 என்பது 36,865 ஆகவும் மாறிவிடும். பரிமாணத்தில் நேரும் இப்பிழை நல்வாய்ப்பாக உடனே தெரிந்துவிடும். அதே பிழை 16 பிட் பிக்சல்களில் நேர்ந்தால் படம் புள்ளி மழையாகத் தெரியுமே தவிர, எந்த நிரலும் எச்சரிக்கை தராது.

இப்போது அந்த 512க்கு 400 படத்தை, சன் நிறுவனக் கணினிகளின் பட வடிவமான சன் ராஸ்டருக்கு மாற்றுவோம். சன் ராஸ்டரின் தலைப்பகுதி எளிமையானது: எட்டு 32 பிட் எண்கள், மொத்தம் 32 பைட்டுகள். அடையாள எண், அகலம், உயரம், பிக்சலுக்கு எத்தனை பிட், தரவின் நீளம், வகை, வண்ண அட்டவணையின் வகை, அதன் நீளம் என்ற வரிசையில் அவை வரும். 256 நிறங்களுக்கான அட்டவணை 768 பைட்டுகள். ஆக, புதிய கோப்பின் அளவு 2,05,600 பைட்டுகளாக இருக்க வேண்டும். கணக்கு எளிது, ஆனாலும் தொடக்கநிலையில் பலர் தவறுவது இங்கேதான். எச்டிஎஃப் தன் வண்ண அட்டவணையில் ஒரு நிறத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போகும். சன் ராஸ்டரோ 256 சிவப்பு மதிப்புகளையும் முதலில் எழுதி, பிறகு 256 பச்சை, அதன்பின் 256 நீலம் என வைக்கும். இரண்டும் 768 பைட்டுகளே என்பதால், அட்டவணையை மாற்றி அடுக்காமல் அப்படியே நகலெடுத்தாலும் கோப்பின் அளவு சரியாகவே இருக்கும், நிரலும் முறையிடாமல் திறக்கும்.

அப்போது என்ன நேரும் என்பதைக் கருப்பிலிருந்து வெள்ளை வரை சீராக ஏறும் ஒரு சாம்பல் அட்டவணையை வைத்துக் கணக்கிடலாம். 0ஆம் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 ஆக இருந்து கருப்பு வர வேண்டும். ஆனால் சன் ராஸ்டரின் கண்ணோட்டத்தில் அதன் பச்சை 256ஆம் பைட்டிலும், நீலம் 512ஆம் பைட்டிலும் உள்ளன. எச்டிஎஃப் வரிசையில் அந்தப் பைட்டுகள் முறையே 85ஆம் நிறத்தின் பச்சை, 170ஆம் நிறத்தின் நீலம். எனவே கருப்பாக இருக்க வேண்டிய பிக்சல் 0, 85, 170 என்ற மதிப்புகளைப் பெற்று நீலமாகத் தெரியும். பிக்சல் எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. படமோ முழுவதும் பொய். சாம்பல் படம் நீலமாக மாறினால் யாருக்கும் ஐயம் வரும். ஏற்கெனவே வானவில் நிறங்களில் இருந்த போலி வண்ணப் படம் வேறு வானவில் நிறங்களுக்கு மாறினால், அசலைப் பார்த்திராத ஒருவருக்கு ஐயம் வரவே வராது. ஆகவே வண்ண அட்டவணையைச் சரிபார்க்கும் முன் மாற்றம் முடிந்துவிட்டதாக எண்ணக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

திசையும் இதே போன்ற மறைமுகச் சிக்கல். சன் ராஸ்டர் மேல் இடது மூலையிலிருந்து கீழ்நோக்கி வரிகளை எழுதும். சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் எஸ்ஜிஐ வடிவம், 474 என்ற அடையாள எண்ணுடன் தொடங்கும் 512 பைட் தலைப்பகுதிக்குப் பிறகு, கீழ் இடது மூலையிலிருந்து மேல்நோக்கி எழுதும். அதுவும் சிவப்புத் தளம் முழுவதையும் எழுதிய பிறகே பச்சைக்கும் நீலத்துக்கும் செல்லும். சன் ராஸ்டரின் வழக்கமான 24 பிட் வகையில் ஒவ்வொரு பிக்சலும் நீலம், பச்சை, சிவப்பு என்ற தலைகீழ் வரிசையில் இருக்கும். சன் ராஸ்டரில் ஒவ்வொரு வரியும் 16 பிட்டின் மடங்காக முடிய வேண்டும் என்ற விதியும் உண்டு. 511 பிக்சல் அகலமுள்ள 8 பிட் படத்தில் வரிக்கு ஒரு வெற்றுப் பைட் கூடுதலாக இருக்கும். அதைத் தாண்டிச் செல்லாத நிரலில் ஒவ்வொரு வரியும் ஒரு பிக்சல் நகர்ந்து, படம் முழுவதும் சாய்ந்துவிடும். மரமோ வீடோ தலைகீழானால் குழந்தைக்கும் தெரியும். சூரியனின் வட்டத்தட்டு தலைகீழானால் தெரியாது. அதில் வட அரைக்கோளத்துக் கரும்புள்ளிகள் தென் அரைக்கோளத்துக்குப் போய்விடும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் எண்மமாக்கப்பட்டுள்ளன. அவ்வளவு நீண்ட தொடரில் சில படங்கள் மட்டும் மாற்றத்தின்போது புரண்டால், இரு அரைக்கோளங்களையும் ஒப்பிடும் ஆய்வு எந்த அளவுக்குத் தடம் மாறும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வடிவங்கள் பெருகியபோது இன்னொரு சிக்கலும் எழுந்தது. 20 வடிவங்கள் இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 19 வடிவங்களுக்கும் நேரடியாக மாற்ற 380 நிரல்கள் வேண்டும். நடுவில் ஒரு பொது வடிவத்தை வைத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றவும் அதிலிருந்து எல்லாவற்றுக்கும் மாற்றவும் முடிந்தால் 40 நிரல்கள் போதும். ஜெஃப் பொஸ்கான்சர் 1980களின் இறுதியில் வெளியிட்ட பிபிஎம்பிளஸ் என்னும் கருவித் தொகுப்பு இந்த எண்ணத்தில் அமைந்தது; அதன் வழித்தோன்றலான நெட்பிபிஎம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதன் நடு வடிவம் வேண்டுமென்றே மிக எளிமையாக வைக்கப்பட்டது: அகலம், உயரம், உச்ச மதிப்பு, அதன்பின் பிக்சல்கள். ஒளிப்படங்களுக்கும் அச்சுப் படங்களுக்கும் இது அருமையான தீர்வு. அறிவியல் படங்களுக்கு இதில் ஒரு விலை உண்டு. வண்ண அட்டவணை கொண்ட 8 பிட் படம் நடு வடிவத்துக்குள் நுழையும்போது, ஒவ்வொரு பிக்சலின் சுட்டெண்ணும் அதற்குரிய சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளாக விரிக்கப்படும். சுட்டெண் அத்துடன் மறைந்துவிடும். அந்தச் சுட்டெண்தான் அளவீடாக இருந்திருந்தால், இழந்தது அளவீடு. அட்டவணையில் 200, 201, 202 ஆகிய மூன்று இடங்களுக்கும் ஒரே சிவப்பு நிறம் கொடுக்கப்பட்டிருந்தால், அம்மூன்று மதிப்புகளையும் திரும்பப் பிரித்தெடுக்க எந்த வழியும் கிடையாது.

இதுவரை பார்த்தவை படத்தை மையமாகக் கொண்ட வடிவங்கள். அளவீட்டை மையமாகக் கொண்ட வடிவங்களில் மிக மூத்தவற்றுள் ஒன்று வானியலாளர்களின் ஃபிட்ஸ். 1981இல் அதன் வரையறை ஆய்விதழில் வெளியானது. அதன் தலைப்பகுதியை எந்த எழுத்துப் பதிப்பானிலும் திறந்து படிக்கலாம். துளையட்டைக் காலத்தின் நினைவாக ஒவ்வொரு வரியும் 80 எழுத்துகள் கொண்டது. கோப்பு முழுவதும் 2,880 பைட் கட்டங்களாக அமையும். ஒரு கட்டத்தில் 36 வரிகள். 2,880 பைட்டுகள் என்பவை 23,040 பிட்டுகள். அந்த எண் 16, 32, 36, 60 ஆகிய அனைத்தாலும் மீதமின்றி வகுபடும். அக்காலக் கணினிகள் இப்படிப் பலவிதச் சொல் நீளங்களைக் கொண்டிருந்ததால், எந்தக் கணினியின் நாடாவிலும் கட்டம் அரைகுறையாக முடியாதிருக்க அந்த அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது. தொலைநோக்கோடு செய்யப்பட்ட அந்தத் தேர்வின் பயனாக, அன்றைய கோப்புகளை இன்றைய நிரல்கள் தடையின்றித் திறக்கின்றன.

ஃபிட்ஸில் பிக்சல் 8, 16, 32, 64 பிட் முழு எண்ணாகவோ, 32 அல்லது 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணாகவோ (தசமப் பகுதியும் கொண்ட எண்) இருக்கலாம். எது என்பதைத் தலைப்பகுதியின் பிட்பிக்ஸ் வரி சொல்லும். கோப்பில் உள்ள எண் நேரடியாக அளவீடு ஆகிவிடாது. பிஸ்கேல் என்ற எண்ணால் அதைப் பெருக்கி, பிஸீரோ என்ற எண்ணைக் கூட்டிய பிறகே உண்மையான மதிப்பு கிடைக்கும். ஃபிட்ஸின் 16 பிட் எண்கள் குறியுள்ளவை, அதாவது மைனஸ் 32,768 முதல் 32,767 வரை. கேமராக்களோ 0 முதல் 65,535 வரை தருபவை. எனவே 32,768ஐக் கழித்து எழுதிவிட்டு, பிஸீரோ 32,768 என்று தலைப்பகுதியில் குறிப்பது வழக்கம். இதைக் கவனிக்காமல், பைட்டுகளைக் குறியற்ற எண்களாக எடுத்துக்கொள்ளும் மாற்றுநிரலில் 40,000 மதிப்புள்ள பிரகாசமான விண்மீன் 7,232 ஆகிவிடும். 100 மதிப்புள்ள இருண்ட வானம் 32,868 ஆகிவிடும். விண்மீன் கரும்புள்ளியாகவும் வானம் வெளிச்சமாகவும் தெரியும்.

எல்லாவற்றையும் சரியாகப் படித்தாலும், இத்தகைய கோப்பை 256 நிலைகள் மட்டுமே கொண்ட கிஃப் போன்ற வடிவத்துக்கு மாற்றும்போது ஒரு முடிவை மனிதர் எடுத்தே ஆக வேண்டும். 65,536 நிலைகளை 256 ஆக நேராகச் சுருக்கினால், 256 வெவ்வேறு மதிப்புகள் ஒன்றாகிவிடும். 1,030 மதிப்புள்ள வானப் பின்னணியும் 1,080 மதிப்புள்ள மங்கலான நெபுலாவும் இரண்டுமே 4 என்ற நிலையில் விழும். நெபுலா படத்திலிருந்து மறைந்துவிடும். அதனால்தான் வானியலாளர்கள் குறைந்த மதிப்புகளுக்கு அதிக இடம் தரும் மடக்கை அளவையோ, குறிப்பிட்ட இரு எல்லைகளுக்கு இடையே மட்டும் விரிக்கும் முறையையோ கையாளுகிறார்கள். எந்த எல்லைகள் எடுக்கப்பட்டன என்று குறித்து வைக்காவிட்டால், அப்படம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும். எல்லைகள் தெரிந்திருந்தாலும் ஒன்றாகிப்போன மதிப்புகள் மீளா. ஃபிட்ஸிலிருந்து கிஃபுக்குப் பாதை உண்டு, கிஃபிலிருந்து பழைய ஃபிட்ஸுக்குத் திரும்பும் பாதை கிடையாது.

அளவீட்டு வடிவத்திலிருந்து இன்னோர் அளவீட்டு வடிவத்துக்கே மாற்றினால் இந்த இழப்பு நேராது என்பது உண்மைதான். ஆனால் அங்கே வேறொரு பொறி காத்திருக்கிறது. எச்டிஎஃப்4 தன் அறிவியல் தரவுத் தொகுதியில் அளவுத்திருத்தத்துக்குக் கொண்ட முறைப்படி, கோப்பில் உள்ள எண்ணிலிருந்து பெயர்ச்சி எண்ணை முதலில் கழித்து, பிறகு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். வானிலைத் துறையில் பரவலான நெட்சிடிஎஃப் என்னும் தரவு வடிவத்தின் வழக்கப்படி முதலில் பெருக்கி, பிறகு பெயர்ச்சியைக் கூட்ட வேண்டும். பெருக்கெண் 0.01, பெயர்ச்சி 100, கோப்பில் உள்ள எண் 1,000 என்று வைத்துக்கொண்டால், முதல் முறையில் விடை 9, இரண்டாம் முறையில் 110. ஆகவே இரு எண்களையும் அப்படியே நகலெடுக்காமல், புதிய கோப்பில் பெயர்ச்சியை மைனஸ் 1 என்று எழுத வேண்டும். அப்போதுதான் அங்கும் 9 கிடைக்கும். பெயர்ச்சி 0 ஆக உள்ள கோப்புகளில் இரு முறைகளும் ஒரே விடையைத் தரும் என்பதால், அவற்றை மட்டும் வைத்துச் சோதித்தவர் தன் நிரல் சரியானது என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

இல்லாத மதிப்பைக் குறிக்கும் எண்ணும் இதே அளவுக்குக் கவனம் கோருவது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி தரும் நிலப்பரப்பு வெப்பநிலைத் தரவு, எச்டிஎஃப்4 கோப்புகளாகப் பல ஆண்டுகள் சேர்ந்துள்ளது. அதன் பெருக்கெண் 0.02. கோப்பில் 15,000 என்று இருந்தால் 300 கெல்வின், அதாவது 26.85 டிகிரி செல்சியஸ். மேகம் மறைத்து அளக்க முடியாத இடங்களில் 0 எழுதப்பட்டிருக்கும். அந்த 0 ஓர் அளவீடு அன்று என்ற செய்தி மாற்றத்தின்போது விடுபட்டால், அடுத்து வரும் நிரல் அதை 0 கெல்வினாக எடுத்துக்கொள்ளும். 300 கெல்வின் உள்ள ஒன்பது பிக்சல்களோடு மேகம் மூடிய ஒரு பிக்சல் சேர்ந்தால் சராசரி 270 கெல்வின் ஆகும். 27 டிகிரி வெயில் அடித்த நிலம், கணக்கில் மைனஸ் 3 டிகிரியில் உறைந்துவிடும். ஃபிட்ஸில் இந்த வேலையை முழு எண் படங்களுக்கு பிளாங்க் என்ற வரியும், மிதவைப்புள்ளிப் படங்களுக்கு எண் அல்ல என்று பொருள்படும் சிறப்பு மதிப்பும் செய்கின்றன. எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் இக்குறிப்பு உடன் செல்ல வேண்டும்.

சுருக்க முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து வரும் ஒரே மதிப்பை எண்ணி எழுதும் முறை எண்களை மாற்றாது, ஜேபெக் மாற்றும். பழைய எச்டிஎஃப் படங்களில் இருந்த ஐஎம்காம்ப் முறையும், 4க்கு 4 பிக்சல் கட்டத்தை இரண்டே நிறங்களால் குறிப்பதால், இழப்புடையதே. அளவீட்டுக்கு இழப்புடைய முறைகளைப் பயன்படுத்தக் கூடாது.

இன்று பழைய கோப்பு ஒன்று கைக்கு வந்தால் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. இமேஜ்மேஜிக் சன், எஸ்ஜிஐ, ஃபிட்ஸ் வடிவங்களைப் படிக்கும். ஜிடால் எச்டிஎஃப்4, ஃபிட்ஸ், நெட்சிடிஎஃப் ஆகியவற்றை அளவீடாகவே கையாளும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் முதல் கருவி போதும். கணக்கிடுவதற்கு என்றால் இரண்டாவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. எதைப் பயன்படுத்தினாலும், முதலில் ஒரு சோதனைப் படத்தை அனுப்பிப் பார்ப்பது நல்லது. நான்கு மூலைகளிலும் நான்கு வெவ்வேறு மதிப்புகளும், ஒற்றைப்படை அகலமும், 255க்கு மேற்பட்ட சில எண்களும், இல்லாத மதிப்பு ஒன்றும் கொண்ட சிறு படம் போதுமானது. 7க்கு 5 பிக்சல் என்றால் விடையைக் காகிதத்திலேயே எழுதி ஒப்பிடலாம். மூலைகள் இடம் மாறியிருந்தால் திசைப் பிழை. வரிகள் சாய்ந்திருந்தால் வெற்றுப் பைட் பிழை. 300 என்பது 11,265 ஆகியிருந்தால் பைட் வரிசைப் பிழை. வண்ண அட்டவணைக்கு மேலே சொன்ன சாம்பல் அட்டவணையே சிறந்த சோதனை. இவற்றில் தேறிய பிறகு உண்மையான கோப்பை மாற்றி, மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு, வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை, இல்லாத பிக்சல்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் இரு கோப்புகளிலும் ஒப்பிட வேண்டும். அந்த நான்கு எண்களையும், பயன்படுத்திய கருவியின் பெயரையும் பதிப்பையும், கொடுத்த கட்டளையையும் ஓர் எளிய உரைக் கோப்பில் எழுதி, அசல் கோப்பை அழிக்காமல் அதனுடன் ஒரே அடைவில் வைக்க வேண்டும்.